செயலாளர் ஆண்டறிக்கை: கொட்டகை விமானமும் புரொப்பெல்லர் சண்டையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்தவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

அடுத்த பொதுக்குழுவுக்குள், நாம் கொட்டகையில் கட்டிவரும் விமானத்தின் எஞ்சின் ஓடிவிடும் என்று போன ஆண்டறிக்கையில் எழுதியிருந்தேன். ஓடிவிட்டது. விமானம் கொட்டகையை விட்டு நகரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்; பிறகு யாரும் எழுந்து கேட்க வேண்டாம். வானில் ஏற்ற, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி வேண்டும். அந்தப் படியில் நாம் இன்னும் கால் வைக்கவில்லை.

மாதக் கூட்டங்கள் மாங்காய் சீசனில் இரண்டு தவிர மற்றவை நடந்தன. அந்த இரண்டு மாதமும் கிருஷ்ணகிரியில் பாதிப் பேர் தோப்பில், மீதிப் பேர் மண்டியில். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே நேராக, விமானத்தை இழுக்கும் விசிறியான புரொப்பெல்லருக்கு வருகிறேன். ஆண்டு முழுக்க நாம் சண்டை போட்டது அதற்காகத்தானே.

மேலே ஏறி ஒரே சீராகப் பறக்கும்போது புரொப்பெல்லரை வேகமாகச் சுற்ற விடுவதா, மெதுவாகவா? நானும் முதலில் வேகக் கட்சிதான். டி.வி.எஸ். ஐம்பதில் ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி பறக்கிறது, இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற நம் ஐயா கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கைப் போட்டார். விமானத்தின் வேகம் 10% கூட வேண்டுமானால் சக்தி ஏறக்குறைய 33% கூட வேண்டும். திருப்பிப் பார்த்தால், சக்தியில் கால் பங்கைக் குறைத்தாலும் வேகத்தில் போவது 9% மட்டுமே. கடைசிச் சில கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் பெட்ரோல் இப்படிக் கரைகிறது.

சரி, குறைத்த அந்தச் சக்தியை எஞ்சினிடம் எப்படி வாங்குவது? எஞ்சினுக்குள் காற்றை விடும் மூடியான த்ராட்டிலைப் பாதி மூடி அதிகச் சுற்றில் ஓட்டலாம். நன்றாகத் திறந்து குறைந்த சுற்றிலும் ஓட்டலாம். சுற்று கூடக் கூட உள்ளே உராய்வுக்கே ஒரு பங்கு போய்விடும். த்ராட்டில் மூடியிருந்தால் காற்றை இழுக்கவே எஞ்சின் திணறும். அதனால் இரண்டாவது வழிதான் சிக்கனம். 1944-இல் பசிபிக் போர்முனையில் புகழ்பெற்ற அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்க், பி-38 போர் விமானங்களை ஓட்டியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான். சுற்றை நிமிடத்துக்கு 1,600 வரை இறக்கி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டி, கலவையில் பெட்ரோலைக் குறைத்துப் பறக்கச் சொன்னார். எஞ்சின் கெட்டுவிடும் என்று முதலில் பயந்தார்களாம். அந்தப் பயம் முழுக்க வீணும் இல்லை. எஞ்சின் செய்தவர் கொடுத்த எல்லையைத் தாண்டி மிதித்தால் கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும் நாக்கிங் வரும், பிஸ்டன் போய்விடும்.

ஆனால் லிண்ட்பெர்க்கிடம் இருந்தது பிட்ச், அதாவது ப்ளேடின் சாய்வு, மாற்றக்கூடிய புரொப்பெல்லர். நம் மாவட்டத்திலேயே ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் கட்டிய பி-68 என்ற சிறிய விமானத்திலும் அந்த வகைதான். நம்முடையது மரத்தில் செதுக்கிய நிலையான பிட்ச். செதுக்கும் அன்றே முடிவெடுத்தாக வேண்டும், பிறகு திருத்த வழியில்லை. 60 அங்குலப் பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் முன்னேற்றம், அதுவும் ஏட்டுக் கணக்கில். 2,700 சுற்றில் மணிக்கு 247 கி.மீ., 2,400-இல் 219. பிட்சைக் கூட்டினால் குறைந்த சுற்றிலேயே நல்ல பயண வேகம் கிடைக்கும். ஆனால் தரையில் இருந்து எழும்பும்போது, தொப்பூர் கணவாயில் லோடு லாரியை டாப் கியரில் ஏற்றுகிற கதைதான். கிருஷ்ணகிரியை விட ஓசூர் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் வேறு. ஆயிரம் அடிக்கு 3% என்று எஞ்சின் சக்தி குறைந்துகொண்டே போகும்.

சுற்று மிஞ்சினாலும் தொல்லை. நம் 66 அங்குலப் புரொப்பெல்லர் 2,750 சுற்றில் ஓடினால் அதன் நுனி நொடிக்கு 241 மீட்டர் ஓடுகிறது. 3,000 சுற்றில் 263. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். நெருங்க நெருங்க விமானத்தை முன்னே இழுக்கும் விசை கூடுவதற்குப் பதில் இரைச்சல்தான் கூடும். நம் விமானத்தில் வைத்த கார் எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே பெல்ட் போட்டுச் சுற்றைப் பாதியாக்கியது இதற்காகத்தான். சிறிய விமானங்களுக்கென்றே செய்யும் ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ். எஞ்சினிலும் 2.43-க்கு 1 என்று கியர் இருக்கிறது. 1903-இல் ரைட் சகோதரர்கள் சைக்கிள் செயின் மாதிரி ஒன்றைப் போட்டு, எட்டரை அடிப் புரொப்பெல்லரை நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்றுதான் சுற்ற வைத்தார்கள். எஞ்சினின் சக்தியோ 12 குதிரை.

நடந்த தவறுகளையும் பதிவு செய்ய வேண்டும். முதல் புரொப்பெல்லரை வெளியூர்ப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கினோம். இரண்டு ப்ளேடின் பிட்சும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அது இப்போது சுவரில் தொங்குகிறது. மாமரத்தில் நாமே செதுக்கலாமே என்று ஒரு மாமா எழுந்தார். மாமரம் பழப்பெட்டிக்கு ஆகும், இதற்கு ஆகாது. பழகுவதற்காக மட்டும் ஒன்று செதுக்கிப் பார்த்தோம்.

விமானத்தைக் கயிற்றால் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டிய முதல் நாள் முழுத் த்ராட்டிலிலும் எதிர்பார்த்த சுற்று வரவில்லை. எஞ்சினுக்கு வலு இல்லை என்று பாதிப் பேர் முகம் தொங்கிவிட்டது. தரையில் நிற்கும்போது ப்ளேடு காற்றை அதிகக் கோணத்தில் அறைகிறது. பறக்கும்போது எதிர்க்காற்று வந்து அந்தச் சுமையை இறக்கும், சுற்று தானே ஏறும் என்று ஐயா விளக்கினார். அன்றைய டீ அவர் செலவு.

அப்புறம் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் மேலேயே சந்தேகம் வந்தது. லேத் பட்டறை அண்ணன்தான் வழி சொன்னார். பழைய சோக் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். அந்த வெளிச்சத்தில் இரண்டு ப்ளேடு புரொப்பெல்லர் 1,500 சுற்றில் நான்கு ப்ளேடாக அசையாமல் நிற்பது போலத் தெரியும். 3,000-இல் இரண்டாகவே நிற்கும். இருட்டிய பிறகு ஓட்டிப் பார்த்தோம். நான்கு ப்ளேடு சிலை மாதிரி நின்றது. மீட்டர் முள்ளோ 1,500-க்குக் கீழேயே ஆடிக்கொண்டிருந்தது. மீட்டர்தான் பொய். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த கல்லூரித் தம்பி, நின்றுவிட்டது என்று நினைத்து முன்னால் போகப் பார்த்தான். அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். மறுநாளே கயிறு கட்டினோம். எஞ்சின் ஓடும்போது அதைத் தாண்டுகிறவர் எவரானாலும், தலைவரானாலும், அன்றைக்கு வெளியே போக வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்கு 64 அங்குலத்தில், பிட்சைச் சற்றுக் கூட்டி இன்னொரு புரொப்பெல்லர் செய்ய நிர்வாகக் குழு ஒப்புதல் கேட்கிறது. வேகக் கட்சியினர் எதிர்த்து வாக்களிக்கலாம்.

கொட்டகை விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றித் தருவதாக ஓர் உறுப்பினர் சொல்லியிருக்கிறார், அவருக்கு நன்றி. கிழக்கு மூலையில் இருக்கும் அந்தப் பழைய டியூப்லைட்டை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்