"அச்சொட்டாகப் பொருந்தும்" என்று விற்ற சைலன்சர் பற்றிய புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு மாவட்டம்

பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கொழும்பு

விடயம்: ஹொண்டா சீடி 125 மோட்டார் சைக்கிளுக்கு விற்கப்பட்ட சைலன்சர் தொகுதியின் குறைபாடும் பணத்தை மீளக் கோருதலும்

ஐயா,

உங்கள் பிரிவு அனுப்பிய பதில் கிடைத்தது. "அங்கீகாரம் பெறாத கிராமத்துக் கராச்சில் பொருத்தியதால் உத்தரவாதம் செல்லாது, எஞ்சினும் பழையது" என்று இரண்டு வரியில் கதையை முடித்திருக்கிறீர்கள். நான் கேட்டது வேறு. நீங்கள் விற்ற பொருள் நீங்கள் சொன்ன வண்டிக்குப் பொருந்துமா, பொருந்தாதா? அதற்கு அந்த இரண்டு வரியிலும் பதில் இல்லை. ஆகவே இந்தமுறை விரிவாக எழுதுகிறேன். தயவுசெய்து வண்டி வேலை தெரிந்த ஒருவரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் விளம்பரத்தில் இருந்தது இது: சீடி 125க்கு அச்சொட்டாகப் பொருந்தும், எதையும் வெட்டவோ ஒட்டவோ தேவையில்லை, காபரேற்றரில் (பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகத்தில்) கை வைக்க வேண்டியதில்லை, பழைய காலத்துக் கம்பீர முழக்கம். வண்டியின் பழைய சைலன்சர்கள் இரண்டும் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டன. ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஓட்டை விழும் நிலை. அதே அச்சில் ஜப்பான் சைலன்சர் இப்போது கிடைப்பதில்லை. அதனால்தான் இரண்டு குழாய்களும் ஒன்றாகச் சேரும் உங்கள் தொகுதியை முழுப் பணமும் முன்கூட்டிக் கட்டி வாங்கினேன்.

பொதியைப் பிரித்ததும் தெரிந்த முதல் குறை, சிலிண்டர் தலையில் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கொலர். அதன் துளைகள் ஸ்டட்டுகளுக்கு, அதாவது தலையிலிருந்து நீட்டி நிற்கும் புரி ஆணிகளுக்கு, நேராக வரவில்லை. வலது பக்கம் தெண்டித்தால் ஏறும். இடது பக்கம் ஏறவே ஏறாது. அவை 6 மில்லிமீற்றர் ஸ்டட்டுகள், அலுமினியத் தலையில் நாற்பது வருடமாக வெந்து இறுகிக் கிடப்பவை. தெண்டித்தால் முறியும். முறிந்தால் துளைத்து எடுத்துப் புதுப் புரி வெட்ட வேண்டும். எங்கள் மெக்கானிக் தெண்டிக்கவில்லை. கொலரின் துளையை அரத்தால் ராவி அகலப்படுத்தினார். "எதையும் வெட்டத் தேவையில்லை" என்ற உங்கள் வாக்கு அந்த இடத்திலேயே போயிற்று.

பிறகு எல்லா நட்டுகளையும் கைப்பிடிக்கு மட்டும் இறுக்கி, முன்பக்கக் கொலரிலிருந்து பின்பக்கத் தாங்கி வரை ஒழுங்காக இறுக்கிக்கொண்டு போனார். குழாய் இழுபடாமல் இருக்க அதுதான் முறை. பின்பக்கத் தாங்கி சட்டத்தின் துளையிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. இரண்டு குழாய்களும் சேரும் மூட்டு நடு ஸ்டாண்டில் இடித்தது. ஸ்டாண்டை மடித்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம். மாங்குளம் வீதியை விட்டு முத்தையன்கட்டுப் பக்கம் திரும்பினால் கிரவல் பாதை. அங்கே இந்தச் சத்தத்தோடு ஓடுவது பெரிய அரியண்டம். தாங்கியை நீட்ட ஒரு தகடு வெட்டிப் பற்றவைத்தோம். "ஒட்டத் தேவையில்லை" என்பதும் போயிற்று.

இவை எல்லாம் கை வேலையால் சமாளிக்கக்கூடியவை. உங்களுக்குக் கடிதம் எழுத வைத்தது எஞ்சின் ஓடிய விதம்.

ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங் நிற்கவில்லை. ஓடவிட்டு அக்சிலேற்றரை மூடினால் சைலன்சருக்குள் பட் பட் என்று வெடித்தது. கொஞ்ச நேர ஓட்டத்திலேயே தலையை ஒட்டிய குழாய் நீலமாகிவிட்டது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நுனி வெள்ளையாக வெளிறியிருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்பது உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கலவையில் பெற்றோல் குறைவு, காற்று அதிகம். அப்படிப்பட்ட கலவை அக்சிலேற்றரை மூடும்போது சிலிண்டருக்குள் சரியாகப் பற்றாமல் வெளியேறி, சூடான குழாய்க்குள் போய்ப் பற்றுகிறது. அதுதான் அந்த வெடி.

மெக்கானிக் உடனே காபரேற்றரைக் கழற்றவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் மூட்டுகளில் காற்று இழுக்கிறதா என்று பார்த்தார். சவர்க்கார நுரை பூசியபோது இடது கொலரில் குமிழி வந்தது. கரி படிந்த கோடும் இருந்தது. நீங்கள் பொதியில் போட்டிருந்த, மூட்டுக் கசிவை அடைக்கும் கஸ்கெற் வளையம் பிஸ்கற் பெட்டித் தகட்டை விட மெல்லியது. அதை எறிந்துவிட்டு, வவுனியாவிலிருந்து செம்பு வளையம் எடுப்பித்துப் போட்டோம். கசிவு நின்றது, வெடியும் ஓரளவு குறைந்தது. பிளக் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. ஆகக் குறை கசிவில் மட்டும் இல்லை; சைலன்சரின் அளவிலேயே இருந்தது.

உங்கள் தொலைபேசியில் கதைத்தவர் எனக்குச் சொன்ன விளக்கம் இன்னும் நினைவிருக்கிறது. "குழாய் அகலமாக இருந்தால் பின்னழுத்தம் குறையும், பவர் கூடும்" என்றார். பின்னழுத்தம் என்றால் வெளியேறும் புகைக்குக் குழாய் கொடுக்கும் எதிர்ப்பு. அவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். சீடி 125 இரட்டைச் சிலிண்டர் வண்டி. பிஸ்டனின் விட்டம் 44 மில்லிமீற்றர், ஓட்டம் 41 மில்லிமீற்றர். ஒரு சிலிண்டருக்கு வருவது ஏறத்தாழ 62 சிசிதான். அவ்வளவு சின்னச் சிலிண்டர் தள்ளும் புகைக்கு உங்கள் குழாயின் உள்விட்டம் மிகப் பெரிது. சிலிண்டர் தலையின் வாயைவிடக் குழாயின் வாய் அகலம் என்பதை விரல் விட்டுத் தடவினாலே அறியலாம். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் விழுகிறது. முதல் சுற்றுப் புகை வேகமாகப் போகும்போதுதான் அதன் இழுப்பில் சிலிண்டர் சுத்தமாகிப் புதுக் கலவை உள்ளே வரும். வேகம் இல்லையென்றால் குறைந்த சுற்றில் இழுவை இல்லை. பின்னால் ஒரு மூட்டை நெல்லோடு மணல் பாதையில் இரண்டாம் கியரில் ஏற வேண்டிய வண்டி முதல் கியரிலேயே மூச்சு வாங்கியது. நீங்கள் இதை ஏதோ ஒற்றைச் சிலிண்டர் 200 சிசி வண்டிக்கு அடித்த அச்சிலிருந்து எடுத்து, முன்னால் இரண்டு கால் பொருத்தி விற்கிறீர்கள் என்பது என் சந்தேகம். இல்லையென்றால் அளவுப் படத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

காபரேற்றர் வேலை பிறகுதான் தொடங்கியது. உங்கள் பொதியில் ஜெற் (பெற்றோல் எவ்வளவு போக வேண்டும் என்று அளக்கும் சிறு துளைத் திருகு) ஒன்றுகூட இல்லை. எந்த அளவு ஜெற்றில் தொடங்கலாம் என்ற குறிப்பும் இல்லை. இருந்த ஒரே தாளில் தமிழும் இல்லை. மெக்கானிக் பெரிய ஜெற்றை ஒரு படி கூட்டிப் போட்டார். மாங்குளம் வீதியின் நேர்த்துண்டில் முழு அக்சிலேற்றரில் ஓடி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, கிளச்சைப் பிடித்து உருள விட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். அது மண்ணிறத்துக்கு வரும்வரை ஜெற் மாற்றினோம். அடுத்தது நடு ஓட்டம்: காபரேற்றருக்குள் பெற்றோல் வழியைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கி ஊசியை உயர்த்தினார். கடைசியாகக் காற்றுத் திருகும் ஐட்லிங்கும். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது குழம்பும். இவ்வளவும் செய்த பிறகு வண்டி ஓடக்கூடியதாக வந்தது. பழைய இழுவை வரவில்லை. ஜெற்றால் கலவையைச் சரிசெய்யலாம், குழாயின் விட்டத்தை மாற்ற முடியாது.

இனி அந்தக் "கிராமத்துக் கராச்" விடயத்துக்கு வருகிறேன்.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெற்றோல் கண்ணில் காண்பது அரிதாகிவிட்டது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறப்பார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். அதற்காகத் தடித்த கஸ்கெற் போட்டு அமுக்கத்தைக் குறைப்பதும், கரி மண்டிய பிளக்கை வீதியோரத்தில் கழற்றித் துடைப்பதும் அன்றாட வேலை. எங்கள் மெக்கானிக் தொழில் பழகியது அந்த வருடங்களில். பெற்றோல் இல்லாத ஊரில் பெற்றோல் எஞ்சினை ஓட வைத்தவருக்குக் கலவை பற்றி உங்கள் அங்கீகாரம் எதைக் கூட்டிக் கொடுக்கப் போகிறது? என் வண்டியும் அந்த மண்ணெண்ணெய் குடித்த வண்டிதான். 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது மாமா அதை வவுனியாவுக்குக் கொண்டுபோயிருந்தார். இங்கே இருந்திருந்தால் 2009இல் போரின் முடிவில் மற்ற வண்டிகளோடு அதுவும் போயிருக்கும். "எஞ்சின் பழையது" என்று எழுதுகிறீர்கள். பழைய வண்டிக்கென்றே சைலன்சர் செய்து விற்கும் நிறுவனம் அதை ஒரு குறையாகச் சொல்வது நல்ல பகிடி.

நீங்கள் அனுப்பிய அங்கீகாரப் பட்டியலில் உள்ள கராச்சுகள் எல்லாம் கொழும்பிலும் அதன் சுற்றுவட்டத்திலும் இருக்கின்றன. இங்கிருந்து அது ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பட்டியலை விற்பதற்கு முன் காட்டியிருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன். பணத்தை எடுக்கும்போது ஒட்டுசுட்டான் உங்கள் விநியோக எல்லைக்குள் இருந்தது.

முழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே சத்தத்தை அடக்கும் துளைக்குழாய் ஒரு சிறு திருகில்தான் நின்றது; அந்தத் திருகு அதிர்வில் கழன்று விழுந்துவிட்டது. அதைச் சுற்றியிருந்த கண்ணாடிப் பஞ்சு துண்டு துண்டாக வெளியே பறந்தது. எங்கள் பக்கம் இருட்டினால் யானைகள் வீதிக்கு இறங்கும். விரட்டுவதற்கு வனசீவராசிகள் திணைக்களம் யானை வெடி கொடுக்கிறது. உங்கள் சைலன்சர் போட்ட சத்தத்துக்கும் அந்த வெடிக்கும் வித்தியாசம் தெரியாமல் அயலவர்கள் டோர்ச்சோடு படலைக்கு வந்தார்கள். அதையாவது சிரித்துக் கடந்துவிடலாம். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களை இந்த மாவட்டத்தில் கழித்தவர்கள் என் வீதியில்தான் இருக்கிறார்கள். முன்னறிவிப்பில்லாமல் வெடிக்கும் சத்தத்தை அவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். திருகு விழுந்த நாள் முதல் நான் எங்கள் ஒழுங்கைக்குள் எஞ்சினை நிறுத்தி வண்டியை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். சட்டப்படியும் சைலன்சர் சத்தத்தை அடக்கும் நிலையில் இருக்க வேண்டும்; வீதியில் பொலிசார் மறித்தால் தண்டப்பணம் கட்டுவது நான், நீங்கள் அல்ல.

இதோடு புகைப் பரிசோதனையும் இருக்கிறது. பெற்றோல் வண்டிக்குக் கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் அளக்கிறார்கள். உங்கள் பொருள் போட்டபடி, கலவை பற்றாமல் வெளியேறும் நிலையில் கொண்டுபோனால் எரியாத பெற்றோல் அளவில் ஏறும். சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. "காபரேற்றரில் கை வைக்க வேண்டியதில்லை" என்று எழுதியவர் இதை யோசித்திருக்க வேண்டும்.

சைலன்சரைக் கழற்றிவிட்டோம். பழைய சைலன்சர்களுக்கே மறுபடி ஒட்டுப் போட்டு, ஜெற்றையும் ஊசியையும் முந்தைய இடத்துக்கு மாற்றி வண்டி ஓடுகிறது.

நான் கேட்பது இவை. சைலன்சரின் முழு விலையும் அனுப்புகூலியும் திரும்பத் தரப்பட வேண்டும். செம்பு வளையம், ஜெற், பற்றவைத்த கூலி ஆகியவற்றுக்கான பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தத் தொகையும் சேர வேண்டும். மெக்கானிக் தன் நேரத்துக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார், அதை நான் உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் அவருடைய வேலையைக் குறை கூறிய அந்த வரியை எழுத்தில் மீளப் பெற வேண்டும். விளம்பரத்திலிருந்து "அச்சொட்டாகப் பொருந்தும்", "காபரேற்றரில் கை வைக்க வேண்டியதில்லை" என்ற இரண்டு வாக்கியங்களையும் எடுத்துவிட வேண்டும். சீடி 125 வைத்திருக்கும் வேறு யாராவது அதை நம்பி, தெண்டித்து இறுக்கி ஸ்டட்டை முறித்துக்கொள்வதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவேன். பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். காலம் இன்னும் இருக்கிறது. உங்கள் விளம்பரத்தின் படமும், ராவுவதற்கு முன் கொலரை ஸ்டட்டில் வைத்து எடுத்த படமும், பிளக்குகளின் படங்களும் என்னிடம் பத்திரமாக உள்ளன. அவற்றின் பிரதிகளையும் இணைத்துள்ளேன்.

சைலன்சரை எடுத்துச் செல்ல உங்கள் செலவில் ஆளை அனுப்புங்கள். வருபவர் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தால் நல்லது. அறுவடைக் காலம், பகலில் வயலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஒட்டுசுட்டான்.