பங்கு வர்த்தகப் பயிற்சிக் கட்டணம்: கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் நெடுங்காலம் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அண்மைக் காலமாகப் பழைய மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். பங்குச் சந்தையில் டிரேடிங் செய்யக் கற்றுத் தருவதாகச் சொல்லும் வகுப்புக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கட்டணம் கேட்கிறார்களே, கட்டலாமா என்பதுதான் அது. கேட்பவர்களில் வளைகுடாவிலிருந்து திரும்பிய மேலப்பாளையத்து இளைஞரும் உண்டு. பணிக்கொடை கைக்கு வந்து சில மாதங்களே ஆன அரசு ஊழியரும் உண்டு. தனித்தனியே சொல்லி வந்ததைத் தங்கள் நாளிதழ் வழியாகவும் சொல்ல விரும்புகிறேன்.

மாத வருமானம் கிடைக்கும் என்று ஆசை காட்டி விற்கப்படும் டிரேடிங் வகுப்பு, சிறு முதல் வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டணத்துக்குப் பெறாது என்பதே என் முடிவு. பயிற்றுநர் முற்றிலும் நேர்மையானவராக இருந்தாலும் இந்த முடிவு மாறாது, ஏனெனில் இதைத் தீர்மானிப்பது வெறும் கூட்டல் கழித்தல்தான். கட்டணம் ஐம்பதாயிரம் என்றால், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 59,000 ரூபாய் ஆகிறது. சேருகிறவர் சந்தையில் போடக்கூடிய பணம் இரண்டு இலட்சம் என்று வைத்துக்கொண்டால், கட்டணத்தை மீட்பதற்கு மட்டுமே அவர் தம் முதலீட்டில் 29.5 விழுக்காடு இலாபம் ஈட்டியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் தரகுக் கட்டணம், பங்குப் பரிவர்த்தனை வரி, இலாபத்துக்கான வருமான வரி எல்லாம் வருகின்றன. களக்காட்டில் ஏத்தன் வாழை போடுகிறவர்கூட, காற்றில் சாய்ந்தால் எவ்வளவு போகும், தப்பினால் குலைக்கு என்ன விலை கிடைக்கும் என்று கணக்குப் பார்த்த பிறகே கடன் வாங்குகிறார். ஐம்பதாயிரத்தைக் கடன் அட்டையிலோ மாதத் தவணையிலோ கட்டிவிட்டுச் சேருகிறவர்கள் அந்த அளவுக்குக்கூடக் கணக்குப் பார்ப்பதில்லை. தவணைக் கடனைத் தருவது பெரும்பாலும் மூன்றாவது நிறுவனம் ஒன்று. வகுப்பு பாதியில் நின்றாலும் அதன் தவணை நிற்காது.

இந்தத் தொழிலில் எத்தனை பேர் வெல்கிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குகளின் வருங்கால விலையை வைத்துப் போடப்படும் ஒப்பந்தங்களை வாங்கி விற்கும், எஃப் அண்ட் ஓ என்று எல்லோரும் சொல்லும் முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் பணத்தை இழந்திருக்கிறார்கள். அவர்களின் சராசரி இழப்பு ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். செலவுகள் போக ஒரு இலட்சத்துக்கு மேல் இலாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். பங்குகளையே அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கும் வணிகம் செய்த தனிநபர்களிலும் பத்துக்கு ஏழு பேர் 2022-23ஆம் ஆண்டில் நட்டப்பட்டதாக 2024 ஜூலையில் வந்த செபியின் இன்னொரு ஆய்வு கூறுகிறது. முன்பேர வர்த்தகம் செய்த தனிநபர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் நாட்டின் முதல் முப்பது நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள் என்று செப்டம்பர் ஆய்வு சொல்வது, நெல்லை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

இதைச் சொன்னால், அவர்கள் எல்லாம் முறையாகக் கற்காமல் இறங்கியவர்கள், அதனால்தான் வகுப்பு தேவைப்படுகிறது என்று பயிற்றுநர்கள் பதில் சொல்வார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் முன்பேர வர்த்தகத்தில் ஒருவருடைய இலாபம் மற்றொருவருடைய நட்டத்திலிருந்துதான் வர வேண்டும். எதிர்ப்பக்கம் இருப்பவர் யார் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. 2023-24இல் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்கள் ஏறத்தாழ 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 28,000 கோடியும் செலவுகளுக்கு முன்பான இலாபமாக ஈட்டியதாகவும், அந்த இலாபத்தின் மிகப் பெரும் பங்கு கணினி நிரல்கள் தாமாகவே நடத்தும் அல்கோ வர்த்தகத்திலிருந்து வந்ததாகவும் அந்த ஆய்வே தெரிவிக்கிறது. இரண்டு வார இறுதிகளில் கேண்டில்ஸ்டிக், நகரும் சராசரி போன்ற விலை வரைபட முறைகளைக் கற்றுக்கொண்டு, கைப்பேசியை வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே ஒருவர் போட்டியிட வேண்டியது இவர்களோடுதான்.

வகுப்பில் படித்து வென்றவர்களின் காணொலிகளைக் காட்டுகிறார்களே என்று ஒரு மாணவரின் தந்தை கேட்டார். இருநூறு பேர் எதையுமே கற்காமல் சந்தையில் இறங்கினாலும், மேற்சொன்ன கணக்கின்படி பதினான்கு பேராவது இலாபத்தில் இருப்பார்கள். அந்தப் பதினான்கு பேரை மேடையேற்றிப் பேசவைத்தால் விளம்பரம் தயாராகிவிடும். மற்ற நூற்று எண்பத்தாறு பேர் எந்தக் காணொலியிலும் வரமாட்டார்கள்.

பயிற்றுநரிடம் கேட்க வேண்டியவை என்று எனக்குப் படுபவை சில உண்டு. அவருடைய வருமானம் வர்த்தகத்திலிருந்து வருகிறதா, கட்டணத்திலிருந்து வருகிறதா என்பதை முதலில் கேளுங்கள். கைப்பேசித் திரையில் தெரியும் ஒரு நாள் இலாபம் இதற்குச் சான்றாகாது, ஏனென்றால் இன்னொரு கணக்கில் அதே நாளில் நட்டம் இருந்திருக்கலாம். முன்பேர வர்த்தகம் செய்யும் தனிநபர் பொதுவாகத் தாக்கல் செய்ய வேண்டியது ஐ.டி.ஆர். 3 என்ற வருமான வரிப் படிவம், அவருடைய எல்லாக் கணக்குகளின் விளைவும் அதில் வந்தாக வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளின் படிவங்களைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அடுத்ததாக, அவர் சொல்லும் தரகு நிறுவனத்தில்தான் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்குத் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறாரா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட முகவராக அவர் இருந்தால், மாணவர் வாங்கி விற்கும் ஒவ்வொரு முறையும் தரகுக் கட்டணத்தில் ஒரு பகுதி அவருக்கும் போகும். மாணவர் இலாபம் அடைந்தாரா இல்லையா என்பது அந்தத் தொகையைப் பாதிக்காது. அடிக்கடி வாங்கி விற்கச் சொல்லும் பாடத்தின் காரணம் பல நேரங்களில் இங்கேதான் இருக்கிறது.

சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்வது நல்லது. கற்பிப்பதற்குச் செபியின் பதிவு தேவையில்லை. எந்தப் பங்கை எந்த விலையில் வாங்கலாம், விற்கலாம் என்று ஆலோசனை சொல்வதற்குத் தேவை. கல்வி மட்டுமே அளிப்பதாகச் சொல்கிறவர், முந்தைய மூன்று மாதங்களின் சந்தை விலையைப் பயன்படுத்தி, பங்கின் பெயரைச் சொல்லி, அதன் எதிர்கால விலையையோ பரிந்துரையையோ குறிப்பிடக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சுற்றறிக்கை வெளியிட்டது. ஆகவே, பதிவு பெறாத ஒருவர் நேரலையில் டிரேடிங் செய்து காட்டுவதாகவும் டெலிகிராம் குழுவில் தினமும் டிப்ஸ் தருவதாகவும் சொன்னால், அந்த வகுப்பின் முதன்மைச் சரக்கே விதிக்குப் புறம்பானது. 2025 டிசம்பரில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு பயிற்சி நிறுவனம், கல்வி என்ற பெயரில் பதிவின்றி ஆலோசனை வழங்கியதாகக் கூறி, 546 கோடி ரூபாயை முடக்கச் செபி இடைக்கால ஆணை பிறப்பித்தது. பதிவு பெற்ற ஆலோசகர்களின் எண் ஐ.என்.ஏ. என்றும், ஆய்வாளர்களின் எண் ஐ.என்.எச். என்றும் தொடங்கும், செபியின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் உத்யம் சான்றிதழ், சிறுதொழில் நடத்துபவர் யாரும் கட்டணமின்றித் தாமே பதிந்து பெறக்கூடியது. செபிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பணம் கொடுத்துக் கற்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. நிறுவனங்களின் ஆண்டறிக்கையையும் ரொக்க ஓட்ட அறிக்கையையும் வாசிக்கக் கற்றுத் தரும் வகுப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பது நியாயமே. தரகு நிறுவனத்தில் வேலைக்குச் செல்ல விரும்பும் பட்டதாரி, செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளுக்குக் கட்டணம் செலுத்துவதும் அப்படித்தான். அந்தச் சான்றிதழை வேலை தருபவர்கள் கேட்கிறார்கள். அத்தேர்வுகளுக்கான பாட நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலீட்டாளர்களுக்கான செபியின் அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணமே இல்லை. அதன் நிதிக் கல்விக் கையேடு தமிழிலும் வெளிவந்துள்ளது. பயிற்சி வகுப்பின் முதல் வாரத்தில் சொல்லப்படும் அடிப்படைகள் பெரும்பாலும் இவற்றில் இருக்கின்றன. இவற்றைப் படித்து முடித்து, சில மாதங்கள் பணம் போடாமல் ஒரு நோட்டில் எழுதிப் பழகிப் பார்த்து, அப்போதும் ஏதோ ஒன்று புரியவில்லை என்று தெளிவாகச் சுட்டிச் சொல்ல முடிகிறவர், அந்த ஒன்றைக் கற்றுத் தரும் வகுப்பைத் தேடலாம்.

ஏற்கெனவே கட்டணம் செலுத்தி, சொன்னபடி வகுப்பு நடக்காமல் தவிப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ நம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலோ புகார் செய்யலாம். இலாபம் தருவதாகச் சொல்லி வேறு கணக்குக்குப் பணம் அனுப்பச் செய்து ஏமாற்றியிருந்தால், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

நிறைவாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். இத்தகைய வகுப்புகளின் துண்டுப் பிரசுரங்கள் காலையில் நாளிதழுக்குள் செருகப்பட்டே பல வீடுகளுக்கு வந்து சேருகின்றன. அவற்றைச் செருகுவது முகவர்கள் என்றாலும், வாசகர் அதைத் தங்கள் இதழோடு சேர்த்தே நம்புகிறார். விளம்பரத்தில் இலாப விழுக்காடோ மாத வருமானமோ குறிப்பிடப்பட்டிருந்தால், விளம்பரதாரரின் செபி பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்ற பின்னரே அதை ஏற்குமாறு தங்கள் விளம்பரப் பிரிவுக்கும் நெல்லை, தென்காசி மாவட்ட முகவர்களுக்கும் தாங்கள் அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.