லாக்அவுட் செய்த பிறகும் திறந்து கிடந்த என் பாலிசிக் கணக்கு

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
ஆயுள் காப்பீட்டு நிறுவனம்.

பொருள்: வெளியேறிய பிறகும் பேக் பட்டனை அழுத்தினால் கணக்கு விவரம் தெரிவது குறித்து.

ஐயா / அம்மா,

வருமான வரிக்குக் காட்ட பிரீமியம் ரசீது வேண்டியிருந்தது. வீட்டில் பிரிண்டர் இல்லாததால் கடந்த சனிக்கிழமை பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போய் எடுத்தேன். முடிந்ததும் லாக்அவுட் செய்தேன். 'பாதுகாப்பாக வெளியேறிவிட்டீர்கள்' என்று உங்கள் தளம் பச்சை எழுத்தில் சொன்னது. மீதிச் சில்லறைக்காக நின்றபோது, அடுத்து உட்கார்ந்த பையன் கைதவறி பேக் அம்புக்குறியைத் தட்டிவிட்டு, "சார், இது உங்களுதா?" என்றான். திரையில் என் பிறந்த தேதி, பான் எண், காப்பீட்டுத் தொகை, நாமினியாக என் மனைவி பெயர் எல்லாம் இருந்தன. நல்ல பையன், கூப்பிட்டுச் சொன்னான்.

உங்கள் சேவை எண்ணில் பேசினால், "பிரவுசர் ஹிஸ்டரியை அழிச்சிடுங்க சார்" என்கிறார்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் நான் எதை அழிக்க?

என் அண்ணன் மகள் வெப் புரோகிராமர். அவளும் சோதித்துப் பார்த்தாள். பேக்கில் வந்தது பிரவுசர் தன்னிடம் வைத்திருந்த பழைய நகல்தானாம். அதில் வேறு இணைப்பைத் தட்டினால் உங்கள் சர்வர் லாகின் கேட்கிறது. ஆக செஷனை, அதாவது என் லாகின் தொடர்பை, முடித்திருக்கிறீர்கள், அது சரி. ஆனால் பக்கத்தை அனுப்பும்போதே 'கேஷ்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர்' என்று ஹெடரில், அதாவது பக்கத்தோடு போகும் குறிப்பில், சேர்த்து, நகலை வைத்துக்கொள்ளாதே என்று பிரவுசரிடம் சொல்லியிருக்க வேண்டும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்வதற்காக 1997-இல் வெளியான எச்டிடிபி 1.1 விதிமுறையிலேயே இது இருக்கிறதாம்.

அப்புறம் அவள் காட்டியதுதான் என்னைக் கலங்கடித்தது. லாக்அவுட் செய்துவிட்டு, பேக்கை அழுத்தி அழுத்தி லாகினுக்கு அடுத்து வந்த முதல் பக்கம்வரை போனாள். ரெஃப்ரெஷ் செய்தாள். 'படிவத்தை மீண்டும் அனுப்பவா?' என்று பிரவுசர் கேட்டது. சரி என்றதும் என் கணக்கு மறுபடி திறந்துகொண்டது! பாஸ்வேர்டை யாரும் தட்டவில்லை, ஓடிபியும் வரவில்லை. நான் முதலில் கொடுத்த பாஸ்வேர்டையே பிரவுசர் திரும்ப அனுப்பியிருக்கிறது. லாகினை ஏற்றதும் அந்தப் பதிலிலேயே கணக்கைக் காட்டாமல் வேறு இணைய முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால் இது நடந்திருக்காது. அந்தப் பையன் விவரம் தெரிந்தவனாக இருந்திருந்தால் என் முகவரியையும் வங்கிக் கணக்கையும் மாற்றியிருக்கலாம்.

இதை மின்னஞ்சலில் எழுதியதற்கு, பேக் பட்டனை முடக்கும் ஸ்கிரிப்ட் சேர்ப்பதாகப் பதில் அனுப்பினீர்கள். வீட்டுக்குப் பூட்டு கேட்டால் தெருவில் முள் வெட்டிப் போடுவதாகச் சொல்கிறீர்கள். ஸ்கிரிப்டை பிரவுசரில் நிறுத்திவைக்க எவ்வளவு நேரமாகும்? தவிர, கிளெய்ம் படிவத்தின் நடுவில் முந்தைய பக்கத்தைப் பார்க்க எனக்கு அந்தப் பட்டன் வேண்டும்.

மேலே சொன்ன இரண்டையும் சர்வர் பக்கம் சரிசெய்து, இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் பதிவு செய்வேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். சரிசெய்யும்வரை அந்தப் பச்சை வரியையாவது எடுத்துவிடுங்கள். அதை நம்பித்தான் எழுந்து வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்