தட்டியை எடுத்துவிட்டால் ஐம்பதாயிரம் தருகிறேன் என்றார்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு 72,000 ரூபாய் தேவை. எதற்கு என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

எங்கள் ஊர் நூலகத்து வாசகர் வட்டத்தில் 11 பேர் சேர்ந்து ஒரு கண்காட்சிக் குழு அமைத்திருக்கிறோம். கண்காட்சிக்கு ‘ஊர் வாயில் விழுந்தவர்கள்’ என்று பெயர். உலக வரலாற்றில் பெரிய காரியம் செய்தவர்கள், அதே சமயம் தங்கள் காலத்தில் பெயர் நாறிப்போனவர்கள், இப்படி 18 பெண்கள். ஆளுக்கு ஒரு தட்டி. கூடவே 64 பக்கத்தில் ஒரு சிறுநூல். பள்ளி, கல்லூரி, நூலகம் என்று 10 ஊர்களுக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போய் வைக்க வேண்டும் என்பது திட்டம்.

இரண்டு மாதம் முன்பே பணம் சேர்ந்திருக்க வேண்டியது. ஒரு பெரிய மனிதர் மொத்தமாக 50,000 தருவதாகச் சொன்னார். வரைவைப் பார்த்தார். மேரி கியூரி, நடனக் கலைஞர் ஜோசபின் பேக்கர் எல்லாம் சரி, தாசி, கொள்ளைக்காரி என்று வருகிற நான்கு தட்டிகளை மட்டும் எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் வருகிற இடம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய பேத்திகளும் பார்க்க வருவார்கள். குழுவில் 4 பேர் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள், 7 பேர் வேண்டாம் என்றோம். அந்த 4 பேரும் இன்றுவரை எங்களோடுதான் வேலை செய்கிறார்கள். ‘கொள்கை எல்லாம் சரி, வேனுக்கு யார் கொடுப்பது?’ என்று வாரம் ஒரு தடவை கேட்கவும் செய்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்.

அவர் எடுக்கச் சொன்ன நான்கில் முதலாவது ஃபிரைனியின் தட்டி. கி.மு. நான்காம் நூற்றாண்டு, கிரேக்கம். தெஸ்பியாய் என்ற ஊரில் பிறந்து ஏதென்ஸுக்கு வந்து கணிகையாக வாழ்ந்தவர். சொந்தப் பெயர் நெசரேட்டி. ஃபிரைனி என்றால் தேரை. மஞ்சளோடிய நிறத்துக்காக வைத்த பட்டப்பெயர் என்கிறார்கள். சிற்பி பிராக்சிடிலீஸின் புகழ்பெற்ற அஃப்ரோடைட்டி சிலைக்கு இவரே மாதிரி என்பது பழைய வழக்கு. தெய்வ நிந்தனை வழக்கில் இவரை நிறுத்தினார்கள். வாதாடிய ஹைப்பரைடீஸ் பேச்சு எடுபடவில்லை என்று தெரிந்ததும் ஃபிரைனியின் மேலாடையை விலக்கிக் காட்டினார், நீதிபதிகள் அசந்துபோய் விடுதலை செய்தார்கள் என்ற கதையை நீங்களும் எங்காவது கேட்டிருக்கலாம். ஆனால் ஃபிரைனியின் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஒரு நாடகக்காரர் வேறு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்: ஒவ்வொரு நீதிபதியின் கையாகப் பிடித்து அழுது உயிரைக் காப்பாற்றிக்கொண்டார். ஆடை விலக்கியது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட சரக்கு. இப்படிப்பட்ட கதைகளைத் தட்டியில் சாம்பல் நிறப் பட்டைக்குள் போட்டிருக்கிறோம், ‘கேள்விப்பட்டது’ என்று மேலே எழுதி.

இவரைப் பற்றி எங்களுக்குப் பிடித்த கதையும் அந்தச் சாம்பல் பட்டைக்குள்தான் இருக்கிறது. கி.மு. 335ல் அலெக்சாண்டர் தீப்ஸ் நகரத்தைத் தரைமட்டமாக்கினார். அதன் மதிலை என் சொந்தப் பணத்தில் கட்டித் தருகிறேன் என்றாராம் ஃபிரைனி. ஒரே ஒரு நிபந்தனை: ‘அலெக்சாண்டர் இடித்தது, கணிகை ஃபிரைனி எடுத்துக் கட்டியது’ என்று கல்லில் வெட்ட வேண்டும். இதைச் சொல்பவர் அவருக்கு ஐந்நூறு வருஷத்துக்கும் பிந்தியவர், ஆகவே சத்தியம் செய்ய மாட்டோம். மதில் அவர் பணத்தில் எழவில்லை என்பது மட்டும் உறுதி. தொழிலையும் சேர்த்து வெட்டச் சொன்னார் பாருங்கள், அதுதான் விஷயம். வெறும் ‘ஃபிரைனி’ என்று போதுமென்றிருந்தால் ஒருவேளை காரியம் நடந்திருக்கும்.

இந்தத் தட்டியைத் தட்டச்சு செய்தபோது ஒன்று நடந்தது. டிடிபி பிரதி வந்தது. படித்தோம், திருத்தினோம், எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டோம். அப்புறம்தான் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: ‘கியூரி எல்லா இடத்திலும் அவர், ஃபிரைனி மட்டும் ஏன் அவள்?’ எழுதியவர், திருத்தியவர், பிழை பார்த்தவர் யாருக்கும் கண்ணில் படவில்லை. இப்போது 18 பேருக்கும் ‘அவர்’தான்.

கியூரியின் தட்டி மட்டும் எந்தத் தகராறும் இல்லாமல் எல்லோருக்கும் பிடித்தது. பிடித்ததற்குக் காரணம் அதை அதுவரை யாரும் முழுதாகப் படிக்காததுதான் என்பது எங்கள் சந்தேகம். 1906ல் கணவர் பியேர் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். சில வருஷம் கழித்து, பியேரின் பழைய மாணவரும் இயற்பியலாளருமான பால் லாஞ்செவானுக்கும் மேரிக்கும் நெருக்கம் ஏற்பட்டது. லாஞ்செவான் மணமானவர், நான்கு பிள்ளைகள். 1911 நவம்பர் தொடக்கத்தில் பாரிஸ் பத்திரிகை ஒன்று அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. குடும்பத்தைக் குலைக்க வந்த வெளிநாட்டுக்காரி என்று எழுதினார்கள், போலந்தில் பிறந்தவர் அல்லவா. வீட்டு வாசலில் கூட்டம் கூடிக் கூச்சல் போட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நண்பர் வீட்டில் போய் ஒளிந்தார். திருடப்பட்ட கடிதங்கள் அச்சேறின. லாஞ்செவான் ஒரு பத்திரிகையாசிரியரைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேரும் போய் நின்றார்கள், சுடாமலே திரும்பி வந்தார்கள்.

இந்த ரகளைக்கு நடுவில், அதே நவம்பரில், வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிப்பு வருகிறது. 1903ல் வாங்கியதோடு சேர்த்து இரண்டாவது. அதற்கு முன் இரண்டு நோபல் யாரும் வாங்கியதில்லை. ஸ்வீடனிலிருந்து, பரிசு வழங்கும் அகாதெமியின் உறுப்பினரான வேதியியலாளர் அரேனியஸ் கடிதம் போட்டார், விவகாரம் தெளிகிறவரை பரிசு வாங்க வர வேண்டாம் என்று. பரிசு ரேடியத்தையும் பொலோனியத்தையும் கண்டுபிடித்ததற்கு, என் சொந்த வாழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பதில் எழுதிவிட்டு, மூத்த மகள் ஐரீனை அழைத்துக்கொண்டு ஸ்டாக்ஹோம் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

நன்கொடைக் கடிதத்தில் இவ்வளவு நேரம் கியூரியிடம் நிற்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. 1920ல் அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் மேரி மெலோனி அவரைப் பார்க்கப் பாரிஸ் போனார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு கிராம் ரேடியம் என்றார் கியூரி. அன்றைய விலை 1,00,000 டாலர். மெலோனி ஊருக்குத் திரும்பிக் குழு அமைத்து, அமெரிக்கப் பெண்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார். 1921 மே 20 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ஹார்டிங் அந்தப் பரிசைக் கொடுத்தார். கொடுத்தது ஈயப் பெட்டியின் சாவியைத்தான், சரக்கு பத்திரமாகத் தொழிற்சாலையில் இருந்தது. அதற்கு முந்தின இரவு தானப் பத்திரத்தைப் படித்த கியூரி, இது எனக்கு என்றிருக்கிறது, ஆய்வுக்கூடத்துக்கு என்று மாற்றுங்கள் என்றார். நாளைக்குப் பார்க்கலாமே என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக வக்கீலைப் பிடித்து மாற்றினார்கள்.

எங்கள் பொருளாளருக்கு உடனே மனப்பாடமான பகுதி இது. ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. 1911 விவகாரத்தைக் கிளற வேண்டாம் என்று மெலோனி பத்திரிகைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார். அமெரிக்கா பார்த்தது ஏழை விதவை, தியாகி, அன்புத் தாய். நாம் பள்ளிப் பாடத்தில் படித்த கியூரியும் ஏறக்குறைய அவரேதான். அதாவது பாதியை மறைத்துத்தான் அந்தப் பணம் வந்தது. தப்பு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, ரேடியம் வந்ததே. அதே வழியில் இன்று பணம் கேட்க எங்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

முழுதையும் சொன்னால் நல்லதே நடக்கும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. பெண் உரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1797ல் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் இறந்தார். துக்கம் ஆறாத கணவர் காட்வின் அடுத்த வருஷமே அவர் வாழ்க்கையை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்: மணமாகாமல் பிறந்த முதல் குழந்தை, தற்கொலை முயற்சி, எல்லாம். அன்பினால் செய்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு நூறு வருஷம் நல்ல குடும்பங்களில் அவர் பெயரை எடுக்கவே கூசினார்கள். அவருக்காக லண்டனில் ஒரு குழு 10 வருஷம் அலைந்து 1,43,000 பவுண்டு திரட்டி, 2020 நவம்பரில் சிலை வைத்தது. உச்சியில் நின்றது ஒரு நிர்வாணப் பெண்ணுருவம். மறுபடியும் ரகளை. பத்து வருஷம் என்பதைப் படித்துவிட்டு எங்கள் குழுக் கூட்டம் சற்று நேரம் அமைதியாக இருந்தது.

விக்டோரியா உட்ஹல்லைப் பற்றியும் கொஞ்சம். 1870ல் தங்கையோடு நியூயார்க்கில் பங்குத் தரகு நிறுவனம் தொடங்கினார். 1872ல், நாட்டின் பெரும்பாலான பெண்களுக்கு வாக்கே இல்லாத காலத்தில், அமெரிக்க அதிபர் பதவிக்கு நின்றார். அவரைத் தூற்றிய ஊரில் பெரிய மதபோதகராக இருந்த பீச்சருக்கு இன்னொருவர் மனைவியோடு உறவு என்று தன் வாரப் பத்திரிகையில் அச்சடித்தார். தபாலில் ஆபாசம் அனுப்பினார் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். தேர்தல் நாளன்று வேட்பாளர் ஜெயிலில் இருந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்து போய் ஒரு வங்கிக்காரரை மணந்து, பழைய கொள்கைகளில் பலவற்றை நான் சொல்லவே இல்லை என்று மறுத்தார். அதையும் தட்டியில் போட்டிருக்கிறோம்.

‘கொள்ளைக்காரி’ என்றது செங் யி சாவோவை. சீனாவில் கான்டன் பக்கம் படகு விடுதியில் தொழில் செய்தவர், 1801ல் கடற்கொள்ளைத் தலைவர் செங் யியை மணந்தார். 1807ல் கணவர் இறந்ததும் படையைக் கையில் எடுத்தார். 1810ல் சரணடைந்தபோது கூடச் சரணடைந்தவர்கள் 17,000 பேருக்கு மேல். 1844ல் வயதாகித்தான் இறந்தார். உலகம் அவரைக் கூப்பிடும் பெயருக்கு ‘செங் யியின் பெண்டாட்டி’ என்றே அர்த்தம்.

நம் பக்கத்திலிருந்து ஒருவர்: பெங்களூர் நாகரத்தினம்மா. தேவதாசி மரபில் 1878ல் பிறந்தவர். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த கணிகைக் கவி முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910ல் பதிப்பித்தார். ஆபாசம் என்று ஆங்கிலேய அரசு தடைபோட்டது. அவர் அசரவில்லை. சம்பாதித்த பணத்தை எல்லாம் கொட்டித் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார், 1925ல் குடமுழுக்கு நடந்தது. அவர் பணத்தில் எழுந்த கோயிலில், ஆராதனைக் கச்சேரியில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். இன்று பஞ்சரத்தினம் பாட ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அந்தச் சமாதியைப் பார்த்தபடி அவர் சிலையும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நீக்கச் சொன்ன நான்கில் இந்தத் தட்டியும் ஒன்று. இதை மட்டும் எந்த நிலையிலும் எடுப்பதில்லை என்பதில் 11 பேருக்கும் ஒரே பேச்சு.

கணக்குக்கு வருவோம். 18 தட்டி ஃபோம் போர்டில் அச்சடிக்க, ஒன்று 1,400 வீதம் 25,200. மடக்கி எடுத்துப்போகும் இரும்பு ஸ்டாண்டு 18, ஒன்று 900 வீதம் 16,200. சிறுநூல் 1,000 பிரதி, 32 ரூபாய் வீதம் 32,000. படம் வரைந்த தம்பிக்கு 12,000, அவர் கேட்டது இதைவிடக் குறைவு, நாங்கள்தான் கூட்டினோம். வேன் வாடகை 10 ஊருக்கு 25,000. மொத்தம் 1,10,400. கையிருப்பு 38,400. மீதிதான் முதலில் சொன்ன 72,000. எழுதியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், காவல் இருக்கப்போகிறவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை.

இந்தக் கண்காட்சி எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு. வாசகங்களை மூன்று ஆசிரியைகள் படித்து, இரண்டு இடத்தில் வார்த்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். சங்கடமாக இருக்குமோ என்று நினைப்பவர்கள் நூலகத்தில் வரைவை வாங்கிப் பார்த்துவிட்டே பணம் தரலாம். படித்துவிட்டு வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை, டீ உண்டு.

நூறு ரூபாய் முதல் வாங்கிக்கொள்கிறோம். ஒருவரிடம் 10,000க்கு மேல் வாங்குவதில்லை என்று இப்போது தீர்மானம் போட்டிருக்கிறோம், காரணம் உங்களுக்கே தெரியும். கொடுத்தவர்கள் பெயர் பத்தொன்பதாவதாக ஒரு தட்டியில் வரும். நூறு கொடுத்தவருக்கும் பத்தாயிரம் கொடுத்தவருக்கும் ஒரே அளவு எழுத்து, அகர வரிசை, போட்டோ கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் உங்கள் தொழிலையும் போட வேண்டுமென்றால் ரசீதில் எழுதிக் கொடுங்கள், அப்படியே அச்சடிப்போம். அந்தத் தட்டியின் செலவை அச்சகக்காரர் தன் பங்காக ஏற்றுக்கொண்டார்.

ரசீது புத்தகமும் யூபிஐ அட்டையும் நூலக முன்மேசையில் இருக்கின்றன. ஞாயிறு காலை 10 முதல் 1 வரை பொருளாளர் அங்கேயே இருப்பார். மற்ற நாட்களில் நூலகரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வேன் வைத்திருப்பவர்கள் பணத்துக்குப் பதிலாக ஒரு நாள் ஓட்டிக் கொடுத்தாலும் சரி, டீசல் நாங்கள் போடுகிறோம்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவினர்