தறிக்குழியில் இறங்கிப் பாருங்கள்: கைத்தறித் துறைக்கும் மாவட்டச் சுகாதாரத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கைத்தறித் துறை மற்றும் பொதுச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கு, வணக்கம்.

தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் குழித்தறி ஒன்றை நம்பிப் பிழைக்கும் வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் தெலுங்கில் அதை மக்கம் என்போம். இப்போது அதில் உட்கார்ந்து நெய்பவர் என் அம்மா. அந்தக் குழியின் ஆழமும் உட்காரும் பலகையின் உயரமும் ஆறடிக்குச் சற்றே குறைந்த என் தாத்தாவுக்கென்று அமைந்தவை. அம்மாவோ ஐந்தடியைத் தொடாதவர். கால் மிதிக்கு எட்டாததால் பலகையின் முன்விளிம்புக்கு நகர்ந்துதான் அவர் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்துவதால், அரை நாள் கழித்து எழும்போது கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

அங்குலத்துக்கு 60 ஊடை, அதாவது 60 குறுக்கிழை, என்று வைத்துக்கொண்டால், 5.5 மீட்டர் சேலை ஒன்றை முடிக்க, அந்த இழையைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாவின் கயிற்றை ஏறத்தாழ 13,000 முறை இழுக்க வேண்டும். இழுக்கும் வேலை முழுவதும் வலக்கையில், ஒவ்வொரு ஊடையையும் நெருக்க அடிபலகையை இழுத்து அடிப்பது இடக்கையில் என்றிருக்க, அறுந்த இழையைத் தேடும் கண்ணோடு கழுத்தும் சேர்ந்து மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறது. அசையாமல் இறுகி நிற்கும் தசைக்கு இரத்த ஓட்டம் குறையும் என்பது நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கைகால் ஓயாமல் ஆடும் ஒருவரின் முதுகும் கழுத்தும் அசையாமல் கிடக்கின்றன என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை.

இப்படி வந்த கழுத்து வலிக்காக அம்மாவை மருத்துவரிடம் மூன்று முறை அழைத்துச் சென்றோம். மூன்று முறையும் வலி மாத்திரையும், ஓய்வெடுங்கள் என்ற ஒரே அறிவுரையும் கிடைத்தன. என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூலிக்கு நெய்பவருக்கு ஓய்வு என்பது அந்த வாரக் கூலியை விடுவது என்பதையாவது கேட்டிருந்தால் அறிந்திருப்பார்கள்.

நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20) நாட்டின் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். தறியும் உதிரிகளும் வாங்க 90 விழுக்காடு விலையை ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அந்த உதவி எங்கள் பகுதிக்கு வரும்போது, உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய உட்காரும் பலகையையும் மிதியையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். பெரிய செலவு இல்லை. என் தம்பி மிதிக்கயிற்றைக் குறுக்கி மிதியை மேலே தூக்கிக் கட்டி, பலகையின் விளிம்பை இழைப்புளியால் இழைத்து உருட்டினான். கால் மரத்துப்போவது பெரிதும் குறைந்தது. கழுத்து வலி மட்டும் போகவில்லை, அதற்குத் தம்பியின் தச்சு வேலை போதாது.

அதற்குத்தான் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அத்திட்டத்தின் ஒரு பகுதி. படுக்கையில் விழுந்தவரைத் தேடி வருபவர்கள், விழுவதற்கு முன்பே தறிக்கூடத்துக்கும் வர வேண்டும். தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் தரையில் அமர்ந்து, துணியை முழங்காலில் விரித்துக் குனிந்து பூத்தையல் போடும் லம்பாடிப் பெண்களுக்கும் கழுத்தும் கட்டைவிரலும் இதே கதைதான். அவர்களுக்குக் குறைசொல்ல ஒரு தறிகூட இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கும்போது, நம் ஊர்ப் புறநோயாளிச் சீட்டில் தொழில் என்னவென்று எழுத ஒரு வரியாவது இருக்கட்டும்.

வருவதென்றால் அமாவாசையன்று மட்டும் வர வேண்டாம். அன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. அம்மா நிமிர்ந்து நடப்பார், அவர் வலி உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.