அம்மாவின் கையில் நீலத்தைக் கவனித்தவர்களுக்கு நன்றி

கோத்தகிரிக்காரர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். பெயர் போடாதே என்று அவர்களே சொல்லிவிட்டதால் போடவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. இதயத்தில் மைட்ரல் வால்வு சுருக்கம், துடிப்பும் தாளம் தப்பும், அதனால் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடக்கூடாது என்று ஆறு வருஷமாக ரத்தம் உறைவதைக் குறைக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். மாசம் ஒரு தடவை ஐஎன்ஆர் பார்க்கணும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட். மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் அதுவும் தள்ளிப்போகும்.

முதல் நன்றி லேபில் ரத்தம் எடுக்கும் தங்கச்சிக்கு. பஞ்சை எடுத்தால் ஊசி குத்தின இடம் திரும்பத் திரும்பக் கசிகிறது, முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். "எங்க இடிச்சுக்கிட்டீங்க பாட்டி?" என்றாள். "இடிக்கவே இல்லையே." அதோடு விட்டிருக்கலாம், ரிசல்ட் வரும்வரை உட்காரவைத்து, 5.2 என்று வந்ததும் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனாள். இருக்கவேண்டியது 2-க்கும் 3-க்கும் நடுவில், அதைத் தாண்டினால் ரத்தம் சுலபமாகக் கசியும்.

வெளியே ஸ்வெட்டரும் மஃப்ளருமாக அவ்வளவு கூட்டம், டாக்டரம்மா அவசரமே படவில்லை. பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா, மலம் கருப்பாப் போகுதா, எங்கேயாவது விழுந்தீங்களா, மூட்டு வலிக்கு எதாவது போடுறீங்களா? கடைசிக் கேள்விக்குத்தான் அம்மா சுருக்குப்பையைத் திறந்தார். உள்ளே பாதி காலியான டைக்ளோஃபெனாக் அட்டை, அசிட்ரோமோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும் வலி மாத்திரை. சீட்டே இல்லாமல் ஒரு கடையில் வாங்கியது, மூணு வாரமாக ஓடியிருக்கிறது, பக்கத்து அறையில் தூங்கும் எனக்குத் தெரியாது!

ரத்தக்கசிவு ஆபத்து எவ்வளவு என்று டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். 65 தாண்டியதற்கு ஒன்று, மேல் பிரஷர் 160-க்கு மேலே இருந்ததற்கு ஒன்று, ஐஎன்ஆர் ஏறி இறங்குவதற்கு ஒன்று, வலி மாத்திரைக்கு ஒன்று. ஹாஸ்-பிளெட் என்று பெயராம், மூணு வந்தாலே உஷாராக இருக்கணுமாம். எங்களுக்கு நாலு. பயந்துபோய், அசிட்ரோமையே நிறுத்திடலாமா என்றேன். "நிறுத்தினா பக்கவாதம் வந்துடும் தம்பி. வயசைத்தான் குறைக்க முடியாது, மத்த மூணையும் குறைக்கலாம்ல?" ரெண்டு வேளை மட்டும் விட்டுவிட்டு மறுபடி ஐஎன்ஆர் பார்த்து, அளவைக் குறைத்து எழுதினார்.

தினசரிக் காலண்டரில் 'அரை', 'ஒண்ணு' என்று ராத்திரி மாத்திரையைக் குறித்துக்கொடுத்த சிஸ்டர், மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று பயந்து கீரையும் முட்டைகோஸும் நிறுத்தவேண்டாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருந்தால் போதும் என்று அம்மாவிடம் மூணு தடவை சொன்ன பொறுமைக்கு நன்றி. எங்கள் தோட்டத்தில் அதிகம் இருப்பதே அந்த இரண்டும்தான். இப்போது மாத்திரை வாங்கும் மெடிக்கல் அண்ணன் வலி மாத்திரை என்றாலே எனக்கு போன் அடிக்கிறார், அம்மாவுக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம்.

போன வாரம் 2.6. சனிக்கிழமை எல்லோருக்கும் ஒரு பை பீன்ஸ் கொண்டுவருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அம்மா அனுப்புவது.