நேராகப் பார்க்காதே

அன்புள்ள முருகா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம். இங்கே எல்லோரும் நலம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா மீன் முள்ளைத் தானே பார்த்து எடுக்கிறாள்.

போன செவ்வாய் ராத்திரி தண்டையார்பேட்டையில் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடிக்கு ஏறி, முதல் வேலையாகத் தண்ணீர் டேங்கில் முட்டிக்கொண்டேன். அரை மணி போனதும் கொடித் துணி, மதில்மேல் பூனை எல்லாம் துலங்க ஆரம்பித்தன. உடனே உன் நைனா ஞாபகம்தான். காசிமேட்டிலிருந்து இருட்டோடு கட்டுமரத்தில் கூட்டிப் போவாரே, "மிதப்பை நேராப் பாக்காத, பக்கத்துல பாரு" என்பார். நாம் சிரிப்போம்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. நேராகப் பார்க்கும்போது வெளிச்சம் விழுகிற விழித்திரையின் நடுப்புள்ளியில் நல்ல வெளிச்சத்துக்கான கூம்பு செல்கள்தான் இருக்கின்றன. மங்கல் வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் சுற்றி இருக்கின்றன, ஒரு கண்ணுக்குச் சுமார் 12 கோடி. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 கோடி ரோடாப்சின் மூலக்கூறு, ஒளியைப் பிடிக்கிற நிறமி அது. வெளிச்சத்தில் அது வெளுத்துவிடும், திரும்ப ஊற நேரம் பிடிக்கும். அதனால்தான் எனக்கு அந்த அரை மணி.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் செல்லில் மின்னோட்டம் ஓடுவது இருட்டில். ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒரு ஒளித்துகள், பட்டு ஒரு ரோடாப்சின் வடிவம் மாறினால், அது பல புரதங்களைத் தட்டி எழுப்பி, கடைசியில் செல்லின் வாசல்கள் சில மூடிக்கொள்கின்றன. ஓட்டம் குறைவதுதான் செய்தி! 1979இல் பெய்லர், லாம்ப், யாவ் என்ற மூன்று விஞ்ஞானிகள் தேரையின் ஒற்றைக் குச்சி செல்லைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பிடித்து இதை அளந்தே காட்டினார்கள். மனிதர் விஷயத்தில், 5 முதல் 14 ஃபோட்டான் விழித்திரையில் பிடிபட்டாலே 'ஏதோ மின்னியது' என்று சொல்ல முடியும் என்று 1942இலேயே ஹெக்ட் குழுவினர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மங்கலில் பார்ப்பதில் தேரை நம்மையும் மிஞ்சும். ரோடாப்சின் சில சமயம் வெளிச்சமே படாமல் சூட்டினாலும் வடிவம் மாறிவிடும், பொய்ச் செய்தி. உடம்பு குளிர்ந்திருந்தால் அந்தப் பொய் குறைவு. நம்மூர் வெயிலில் பாவம், தேரைக்கு அந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது. துறைமுகப் பூனைகளுக்கோ விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம், தப்பிப்போன ஒளியைத் திருப்பி அனுப்ப. டார்ச் அடித்தால் பச்சையாக எரிவது அதுதான்.

நைனாவுக்கு இதைப் படித்துக் காட்டு. அந்த மிதப்பு வித்தையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுது.

உன்
செல்வம்